ஒரு சொட்டு எண்ணெய்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டைத் திறக்கத் தெரிந்த அளவுக்கு வாயைத் திறக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் இன்றைக்குப் பேசுவார், நாளைக்குப் பேசுவார் என்று காத்திருந்து பார்த்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்ளப் பழகிவிட்டேன். எங்கள் தெரு முனையில்தான் எங்கள் பூட்டு ரிப்பேர் கடை. உள்ளே நீட்டிப் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடும், அவ்வளவுதான் இடம். சாவி வெட்டுகிற மெஷினில் நான் உட்காருவேன். வீடு வீடாகப் போகிற வேலை இவருடையது.

பேசாத மனுஷன்தான், ஆனால் பிடிவாதம் மலையளவு. சாவி தொலைந்துவிட்டது, வந்து திறந்து கொடுங்கள் என்று யார் கூப்பிட்டாலும், போனவுடன் பூட்டில் கை வைக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இது யாரு வீடு?" என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னால்தான் பையை அவிழ்ப்பார். ஒருமுறை என் அப்பாவே சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நின்றார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. மாமனார் என்றுகூடப் பார்க்காமல், ஆள் வரும்வரை இவரும் கூடவே நனைந்துகொண்டு நின்றாரே தவிர, திறக்கவில்லை. அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினார்.

அடுத்தது எண்ணெய். தன் கை பட்ட எந்தப் பூட்டுக்கும் சாவித் துவாரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் இவரால் நகர முடியாது. மற்ற பூட்டுக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், பென்சில் தூள் போடுவதுதான் சரி என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டுக்கும் காலையில் கிளம்பும்போது ஒரு சொட்டு உண்டு. அந்தப் பூட்டு இவரே செய்தது. இரண்டு பக்கமும் பல் வைத்த சாவி, எங்கள் மெஷினில் வெட்ட முடியாது, அரம் வைத்துக் கையால்தான் ராவ வேண்டும். எனக்கென்று இன்னொரு சாவி ராவிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு என் தலையில் நரை விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சாவி வெட்டுகிற வீட்டில் ஒரே ஒரு சாவி, அதுவும் இவர் பையில்.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்றால், பக்கத்துக் கடைத் தையல் அக்காவிடமிருந்து. தையல் மெஷினுக்கு வாங்குகிற எண்ணெயில் எங்களுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பாள். "அண்ணே, ஊர்ப் பூட்டெல்லாம் என் எண்ணெயிலதான் ஓடுது, ஞாபகம் வச்சுக்குங்க" என்பாள். இவர் சிரிப்பார். அவளிடம் மட்டும்தான் பல் தெரிகிற மாதிரி சிரிப்பார். புருஷனை இழந்தவள், இரண்டு பெண்கள். பெரியது அவளோடு தைக்கும், சின்னது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் அக்கரைக்காரர்கள்.

எங்கள் ஊரில் நாலில் ஒருவர் அக்கரைக்காரர். பாட்டன் பூட்டன் காலத்தில் ஆற்றைத் தாண்டி வந்தவர்களாம். எங்கள் பாட்டன் பூட்டன் மட்டும் இங்கேயே மண்ணிலிருந்து முளைத்தார்களா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதே மொழி, அதே சட்டை, அதே கடன். பேரைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதைக் கேட்காமலே பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

எது எதற்கு முன்னால் வந்தது என்று இப்போது யோசித்தாலே களைப்பாக இருக்கிறது. முதலில் வந்தது சிரிப்புதான் என்று நினைக்கிறேன். ரேடியோவில் ஒருத்தன் அக்கரைக்காரர்களைப் போலப் பேசிக் காட்டுவான். மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுவான். எங்கள் ஊரில் எவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவன் அவர்களுக்கு வைத்த பேர் பெருச்சாளி. தையல் அக்காவே அதைக் கேட்டுவிட்டு, "நான் பெருச்சாளின்னா எம்பொண்ணுங்க சுண்டெலியா?" என்று சிரித்தாள். சிரித்தால் போய்விடும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

அப்புறம் வேலை வந்தது, எங்களுக்கு. அக்கரைக்காரர் கையில் பொதுச் சாவி எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆஸ்பத்திரி மருந்து ரூம், பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க் எல்லாவற்றுக்கும் பூட்டு மாற்றினார் இவர். தண்ணீர் டேங்க் வாட்ச்மேன் அதே வேலையில் தலை நரைத்தவர். பழைய பூட்டை இவர் கழற்றும்போது, அந்த மனுஷன் டார்ச்சைப் பிடித்து வெளிச்சம் காட்டினாராம். தன் வேலை போகிற வேலைக்குத் தானே வெளிச்சம் பிடித்திருக்கிறார். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. "ஏன்?" என்று கேட்டேன். "டேங்க்ல விஷம் கலந்துடுவாருன்னு சொல்றாங்க. அவரும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கறாரு" என்றார். அந்த மாதம் இவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, படிக்கட்டு மாதிரி. ஒரு படி இறங்கியதும் அங்கேயே நின்று பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அக்கரைப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு, பிறகு தாழ்வாரம், பிறகு வீடு. தையல் அக்காவின் சின்னப்பெண் பள்ளிக்கூட நேரத்தில் எங்கள் கடையில் உட்கார்ந்து, கலந்து கிடக்கும் சாவிகளை ஜாதி பிரித்து வைக்கும். அக்கரைக்காரர் கடைகளுக்கு நேரம் வைத்தார்கள். அப்புறம் அவர்களிடம் வாங்குகிறவனைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். தையல் அக்காவுக்கு வேலை நின்றுபோய்விட்டது. கடைசியாக வந்த பெரிய வேலை என்ன தெரியுமா? ஊருக்குள் புதிதாகக் கிளம்பிய காவல் குழுவுக்குப் பச்சைச் சட்டை. சீக்கிரம் வேண்டும், நன்றாகவும் இருக்க வேண்டும், அதனால் அவளிடமே கொடுத்தார்கள். அவளும் பெண்ணும் கண் சிவக்கச் சிவக்கத் தைத்தார்கள். அதில் ஒன்று என் தம்பியுடையது.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபிறகு நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். எங்கள் கடையிலேயே இரண்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டான். கை சுத்தம், பொறுமைதான் இல்லை. ராவுகிற வேலையில் சாவியைத் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கிவிடுவான். மாமாவின் எண்ணெய்ப் பழக்கத்தை அவனைப் போலக் கேலி பண்ண ஆள் கிடையாது. இவர் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்க்கிற தோரணையை அப்படியே நடித்துக் காட்டுவான், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். காவல் குழுவில் அவன் சேர்ந்தபோது எனக்குக்கூட நிம்மதிதான். நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் உள்ளே இருந்தால் நாலு பேருக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தேன். எங்கள் பகுதிக் குழுவுக்குத் தலைவர், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். ஊரில் அவருக்குக் கிழிசல் என்று பேர். சட்டை போட்ட அன்றிலிருந்து அந்தப் பேரைச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு நாள் லாரிகள் வந்தன. அக்கரைக்காரர்களுக்கு ஆபத்தாம், அதனால் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆளுக்கு ஒரு பை, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தெரு. சாவிகளைச் சாக்கில் கட்டி வைத்தார்கள். ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு போனார்கள் அந்த ஜனங்கள். பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருகிறவன்தானே பூட்டை இழுத்துப் பார்ப்பான்?

சாவி கலந்துபோன வீடுகளைத் திறக்க இவரைக் கூட்டிப் போனார்கள். கதவை உடைத்தால் வீடு வீணாகும், வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டுமே. இவர் வழக்கம்போல வாசலில் நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இது யாரு வீடு?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன், "யாரோடதும் இல்ல" என்றானாம். அந்த வீட்டு மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடினவன். எதிர்வீட்டுக்காரியும் "யாரோடதும் இல்ல" என்றாளாம். இரண்டு பேரும் ஒரே பேரைச் சொல்லிவிட்டார்கள் அல்லவா, இவர் திறந்து கொடுத்தார். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியை இவர் கேட்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எங்கள் கடைக்குக் கூட்டம் வந்தது. சாக்கிலிருந்து எடுத்த சாவியைக் கொண்டுவந்து, இன்னொன்று வெட்டிக் கொடு என்று நின்றார்கள். மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். நாலு நாள் கழித்து அதே ஆட்கள், ரிப்பேர் ஆகிவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. வெட்டிக் கொடுத்தேன்.

தம்பி அப்போதெல்லாம் மத்தியானம் வந்து சாப்பிடுவான். மெலிந்துபோயிருந்தான், தட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான்.

"அவங்கள எங்கதாண்டா கொண்டு போறீங்க?"

"ஆத்தோரம்."

"அங்க வீடு கட்டி வச்சிருக்காங்களா? கதவு, பூட்டெல்லாம் போட ஆளு வேணுமே, உங்க மாமாவக் கேக்கலையே."

அவன் தண்ணீரைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அங்க பூட்டு எதுவும் வேணாம்க்கா" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினேன். அவன் போனபிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் ஈரத்துணி மாதிரி கனத்தது. சாயங்காலம் இவரிடம் சொன்னேன். தையல் அக்காவின் தெருவுக்கு இன்னும் முறை வரவில்லை.

மறுநாள் மைதானத்தில் பெரிய கூட்டம். எல்லோரும் போக வேண்டும் என்று உத்தரவு, தெருவே காலி. இவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், தையல் அக்காவையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய அச்சாபீஸ் உண்டு. அச்சாபீஸ்காரர் இறந்து வருஷக்கணக்காகிறது, வாரிசு இல்லை. கதவில் துருப்பிடித்த தொங்குபூட்டு. அதற்கு ஒரு சாவி ராவித் திறந்து, மூவரையும் உள்ளே விட்டு, மறுபடி வெளியே பூட்டினார். வெளியே பூட்டு தொங்குகிற வீட்டில் ஆள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அந்த வீட்டுப் பின்சுவரில் காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல். சந்து வழியாகப் போய் நான் அதில் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பேன்.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் தையல் அக்கா தன் மெஷினின் எண்ணெய்க் குப்பியை எடுத்து இவர் கையில் கொடுத்தாளாம். "இனிமே எனக்கு எதுக்கு, நீங்க வச்சுக்குங்கண்ணே" என்றாளாம். இவர் வாங்கிக்கொண்டார். பூட்டைப் பூட்டினார். பூட்டிவிட்டு, கை தன் பழக்கத்தில் போய்விட்டது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பின்சந்தில் காவலுக்கு நின்றிருந்தேன்.

சில நாள் ஓடியது. ஜன்னலில் பெரிய பெண்ணின் கைதான் தெரியும். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு காலிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கும். கழுவாதே, தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள் என்று திட்டினேன். ஒருநாள் தையல் அக்காவே வந்தாள்.

"ஏண்டி, இன்னும் எவ்வளவு நாளு?"

"கொஞ்ச நாள்தாங்க்கா. எல்லாம் அடங்கிடும்."

"உனக்கு நல்லாப் பொய் சொல்ல வருது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா துணி பாக்கிக்காரங்ககிட்ட உன்னையே பேச விட்டிருப்பேன்."

அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே சந்தில் நடந்து வந்து, மூலையில் நின்று அழுதேன்.

அக்கரைத் தெருக்கள் எல்லாம் காலியானபிறகு கணக்கில் ஆள் குறைகிறது என்றார்கள். எங்கள் தெருக்களில் தேடல் ஆரம்பித்தது. பூட்டிய வீடு எதுவாக இருந்தாலும் திறந்து பார்ப்பது. அந்தக் காலையில் இவர் வழக்கம்போல எங்கள் வீட்டைப் பூட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்கு வந்தால் கிழிசலும் என் தம்பியும் பச்சைச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேரும் நிற்கிறார்கள். "இன்னைக்கு உங்க தெருதான் மாமா" என்றான் தம்பி. இவர் பையை எடுத்தார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

இரண்டு குடோனைத் திறந்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு அச்சாபீஸ். நல்ல வெயில். மருந்துக்கடைக்காரர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், எதிர்வீட்டு டீச்சரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவர் கதவின் முன்னால் போய்ப் பையைக் கீழே வைத்தார். அவிழ்க்கவில்லை.

"ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்" என்றார். "இது யாரு வீடுன்னு தெரியணும்."

பச்சைச் சட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கிழிசலும் சிரித்தார். "சரிய்யா, பெரிய மனுஷன் பழக்கம், கெடுப்பானேன். யாரு சொல்றீங்க?"

இவர் நேரம் வாங்குகிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்குத் தெரிந்த ஒரே தந்திரம் இது. நான் முன்னால் போனேன்.

"நான் சொல்றேன். இது செத்துப்போன அச்சாபீஸ்காரர் வீடு. பல வருஷமா இப்படியேதான் பூட்டிக் கெடக்கு. ஒருநாளும் திறந்து நான் பாத்ததில்ல."

"ஒருத்தர் ஆச்சு" என்றார் கிழிசல்.

இவர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நான் வெளியூரு போய் வர்ற ஆளுங்க, எனக்கு எதுவும் தெரியாது" என்றார். டீச்சரம்மா ஈரத்துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயைத் திறந்து பல வருஷமாகப் பூட்டித்தான் கிடக்கிறது என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, பாதி உண்மைதான். அதற்குக்கூட ஆள் இல்லை எங்கள் தெருவில்.

"நானே சொல்றேன் மாமா" என்றான் என் தம்பி. "நானும் இந்தத் தெருவுல வளந்தவன்தானே. அக்கா சொல்றது சரிதான். இது எப்பவும் பூட்டித்தான் கெடக்கும்."

எனக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை. கிழிசல்கூட அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். "துருவப் பாருங்க, சாவியே நுழையாது இதுல" என்று சொல்லிக்கொண்டே தம்பி அந்தப் பூட்டைக் கையில் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அவன் கட்டைவிரல் சாவித் துவாரத்தின் மேல் பட்டு வழுக்கியது.

விரலைப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். இரண்டு வருஷம் எங்கள் கடையில் அந்த வாசனையிலேயே உட்கார்ந்தவன் அவன். மாமாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நடந்திருந்தால் முடிந்துபோயிருக்கும். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவனுக்குப் புரிந்தது, புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"எண்ணெய் இன்னும் காயல" என்றான்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பயமா, விசுவாசமா, இத்தனை நாள் பழகிய பழக்கமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு இப்போது தெம்பில்லை. கிழிசல் திரும்பி வந்தார்.

"சாவி எடுய்யா."

இவர் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார். எல்லோரும் பார்க்க, வாசலோரம் ஓடுகிற சாக்கடையில் போட்டார். அடித்தார்கள். விழுந்தவர் எழுந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றார். மறுபடி அடித்தார்கள். கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். பூட்டை உடைக்கிறவன் பூட்டுக்காரன் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் கண்ணெதிரே உடைத்தார்கள்.

தையல் அக்கா வெளியே வந்தாள். வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. இரண்டு பெண்களும் தலை வாரிப் பின்னியிருந்தார்கள். அந்த இருட்டறையில் தினமும் வாரிவிட்டிருக்கிறாள். அவள் என் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தச் சட்டை நான் தெச்சதுப்பா. காஜா எடுத்தது எம்பொண்ணு. என்னை என்ன வேணா பண்ணு. இதுங்கள மட்டும் விட்டுடு தம்பி."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பட்டன் தெறித்துவிடாமல் மெதுவாகப் பிரித்தான்.

லாரி தெருமுனையில் நின்றது. மூவரோடு இவரையும் ஏற்றினார்கள். நான் ஓடிப்போய் ஏறப்பார்த்தேன், தம்பி என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். சின்னப்பெண் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. லாரி கிளம்பும்போது இவருக்கு என்னவோ ஞாபகம் வந்து, சட்டைப் பைக்குள் கையை விட்டார். பக்கத்தில் நின்றவன் அந்தக் கையை முறுக்கினான். வாழ்நாளில் சத்தம் போடாத மனுஷன், "சாவி! வீட்டுச் சாவி!" என்று கத்தினார். லாரி திரும்பிவிட்டது. நான் அவர் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தம்பி என்னைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தான். "உனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் தலைவர்கிட்ட பேசிட்டேன். உன் மேல ஒரு தூசி படாது" என்றான். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். கதவு பூட்டியிருந்தது. இவர் காலையில் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போன பூட்டு. தம்பி குனிந்து பார்த்தான். அவனுக்கும் தெரியும், இதற்கு வேறு சாவி கிடையாது. பின்னால் திரும்பி, கடப்பாரைக்காரனைக் கூப்பிட்டான்.

"நில்லு" என்றேன். "ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்."

"அக்கா, வேணாம்க்கா."

நான் தெருவைப் பார்த்துத் திரும்பினேன். மருந்துக்கடைக்காரர் இன்னும் வாசலில்தான் இருந்தார். டீச்சரம்மாவின் ஜன்னலில் திரை அசைந்தது. இன்னும் ஏழெட்டுப் பேர் அங்கங்கே நின்றார்கள். என்னோடு தண்ணீர் பிடித்தவர்கள், என்னிடம் சாவி வெட்டிக்கொண்டவர்கள்.

"இது யாரு வீடு?" என்று கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேன். "சொல்லுங்கய்யா, இது யாரு வீடு?"

ஒருத்தரும் பேசவில்லை. அக்கரைக்காரர் வீட்டுக்கு இந்த ஊர் சொன்ன பதிலை என் வீட்டுக்குச் சொல்ல வெட்கமாக இருந்ததோ, வேறு பதில் சொல்லப் பயமாக இருந்ததோ. தம்பிதான் கடைசியில் வாயைத் திறந்தான். "நான் சொல்றேன்க்கா. இது எங்க அக்கா வீடு. எங்க மாமா வீடு."

நான் அவன் கையைப் பிடித்தேன். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்த மாதிரிதான் பிடித்தேன். அந்தக் கட்டைவிரலை எடுத்து எங்கள் வீட்டுப் பூட்டின் சாவித் துவாரத்தில் வைத்து அழுத்தினேன்.

"பாரு தம்பி" என்றேன். "எண்ணெய் இன்னும் காயல."

அவன் விரலை எடுக்கவில்லை. பின்னால் கடப்பாரையோடு நின்றவன்தான், வெயிலில் நின்று சலித்துப்போய், "உடைக்கவா, வேணாமா?" என்று கேட்டான்.